படிக்காமல் வைத்த கையெழுத்து

அத்தியாயம் 19

சென்ற வாரம் சிவநேசத்தை அறிவிப்புப் பலகைக்கு முன்னால், கையில் சாப்பாட்டுப் பையோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். ஏழு நாளாக அங்கேயே நிற்க வைத்ததற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும். வேலைத்தலத்தில் சும்மா நிற்பது அவருக்கு அறவே பிடிக்காது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மொன்றியலின் சென்ட் லோரன்டில், விமானங்களுக்கு உள்ளே ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சிவநேசத்துக்கு இருபத்து நான்கு வருஷம். நாளைக்கு, வெள்ளிக்கிழமை, அவருக்கு அறுபது வயது. கணவர் விமலநாதன் ஓர் உணவகத்தின் பின்கட்டில் இருபத்தெட்டு வருஷம் சட்டி கழுவி, போன வருஷம் முழங்காலைச் சாட்டி வீட்டோடு இருந்துவிட்டார். ஒரே மகள் பிரஷாந்தினிக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஒரு பார்மசியில் மருந்தாளர் உத்தியோகம். அவள் அம்மாவின் அறுபதுக்கு ஒரு பெரிய பரிசை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மூன்று வாரமாகச் சொல்லி வருகிறேன். என்ன பரிசு என்று சிலர் கடிதம் போட்டுக்கூடக் கேட்டுவிட்டீர்கள்.

அந்தப் பரிசுதான் இப்போது பலகையில் ஒட்டியிருந்தது.

ஒரு பக்கத் தாள். எல்லாம் பிரெஞ்சு. அதற்குள் சிவநேசத்தின் பெயர் இருந்தது, அவருடைய மேசை இலக்கம் இருந்தது. பக்கத்தில் ‘ரத்ரெத்’ என்ற சொல்லும் இருந்தது. ஓய்வைக் குறிக்கும் அந்தச் சொல்லை அறியாத தொழிலாளி மொன்றியலில் கிடையாது.

“திரேசம்மா, இதை ஒருக்கா வாசியும் பாப்பம்.”

திரேசம்மா பக்கத்து மேசைக்காரி, திருகோணமலைப் பக்கம். பிரெஞ்சைக் கணீரென்று வாசிப்பாள். வாசித்து முடிய அவள் குரல் இறங்கிவிட்டது.

“அக்கா, நீங்க ரிட்டயர் ஆகிறீங்களாம். உங்கட இடத்துக்கு ஆள் கேட்டிருக்கு. எனக்குக்கூட நீங்க சொல்லல்லையே.”

“நான் எனக்கே சொல்லேல்லை” என்றார் சிவநேசம்.

முதலில் அவருக்கு வந்தது பயம். கண் மங்குவது பிடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தார். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியிருந்தார். போன மாதம் ஒரு வயர்க்கட்டில் இரண்டு முடிச்சுகள் தள்ளிப் போனதை அவரே கண்டு, அவரே அவிழ்த்து, அவரே திரும்பக் கட்டியிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நம்பியிருந்தார்.

நேரே சூப்பர்வைசரிடம் போனார். ஜோசலீன் என்ற அந்தப் பெண்மணி எழுந்து வந்து சிவநேசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“நீங்கள் ஒரு வாரமாக ஒன்றும் பேசவில்லை, மதாம் சிவா. நீங்கள் பேசும்வரை நாங்களும் பேசுவதில்லை என்று இருந்தோம்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார்.

கடிதத்தின் அடியில் சிவநேசத்தின் கையெழுத்து. அவர் தமிழில்தான் கையெழுத்து வைப்பார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்த கையோடு, கீழே ஒரு கோட்டைச் சாய்வாக இழுத்துவிடுவார். அந்தத் தொழிற்சாலையில் இருநூறு பேர் இருந்தாலும் அதைக் கள்ளமாகப் போட ஒருவராலும் முடியாது. போதாததற்குத் தாளின் மூலையில் மஞ்சள் நிறத்தில் பெருவிரல் அடையாளம் வேறு.

அந்த மஞ்சளைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு ஞாயிறுகளுக்கு முன்னால் அவர் மீனுக்குத் தூள் பிரட்டிக்கொண்டிருந்தபோது, பிரஷாந்தினி ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றாள். கடவுச்சீட்டு, மருந்துக் காப்புறுதி, வேறு என்னென்னவோ.

“எங்கை கையெழுத்து?” என்று கேட்டார் அம்மா.

“இதிலை, அம்மா. இதிலையும். இஞ்சையும்.”

அவ்வளவுதான் நடந்தது.

இதில் வாசகர்கள் சிலர் பிரஷாந்தினியைத் திட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். ஒன்பது வயதிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற எல்லாப் பிரெஞ்சுக் கடிதமும் அவள் கைக்குத்தான் போகும். வாசிப்பவள் அவள், பதில் எழுதுபவள் அவள், கையெழுத்து மட்டும் அம்மா. வகுப்பில் வாய் ஓயாமல் கதைக்கிறாள் என்று ஆசிரியர் எழுதிய முறைப்பாட்டைக்கூட அவளேதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். எவ்வளவு இரக்கத்தோடு வாசித்திருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா அதிலும் கையெழுத்து வைத்தார், சந்தோஷமாக.

அப்படிப்பட்ட ஒரு மகள், அம்மா இனிக் கஷ்டப்படக் கூடாது என்று ஒரு கடிதம் எழுதி, அம்மாவின் கையெழுத்தையும் வாங்கி, தபாலில் போட்டுவிட்டாள். அம்மாவிடம் நாளைக்குப் பிறந்தநாள் மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால் சொல்லி ஆச்சரியப்படுத்துவதாகத் திட்டம். தொழிற்சாலைகளில் ஓர் ஆள் போகிறார் என்றால் அடுத்த ஆளுக்கு அறிவிப்பு ஒட்டுவார்கள் என்பது பார்மசிக்காரிக்குத் தெரியவில்லை.

“திருப்பி எடுக்க ஏலுமோ?” சிவநேசம் தமிழில் கேட்டு, பிறகு தன்னிடமிருந்த பிரெஞ்சில் கேட்டு, கடைசியில் கையால் இழுத்துக் காட்டினார்.

ஜோசலீன் நாட்காட்டியைப் பார்த்தார். ஐந்து வேலைநாளுக்குள் திருப்பி எடுக்கலாம், இன்றைக்கு ஐந்தாவது நாள், மாலை நான்கு மணிக்குள் காரணம் எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்றார். நான்கு தாண்டினால் அந்த இடம் அதைக் கேட்டிருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்குப் போய்விடும், அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

காலை இடைவேளையில் சிவநேசம் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு இது தெரியுமோ?”

“எது?” என்றார் விமலநாதன். முப்பத்தைந்து வருஷக் கலியாணத்தில் ‘தெரியும்’ என்பதற்கு அவர் பாவிக்கும் சொல் அதுதான்.

“கடிதம்.”

அடுப்பை நிற்பாட்டுகிற சத்தம் கேட்டது.

“பிள்ளை சொன்னவள். நாளைக்குத்தான் உமக்குச் சொல்லுறதெண்டு இருந்தது.”

“இந்த வேலை எனக்கு என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ?”

“ஞாயிறு பின்னேரம் வேலைக்குப் போடுற அந்த நீலச் சட்டையை அயன் பண்ணேக்கை நீர் பாட்டு முணுமுணுக்கிறனீர். நான் இருபத்தெட்டு வருஷமா ஞாயிறு பின்னேரம் எண்டால் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன். எனக்கு வித்தியாசம் தெரியாதோ. ரிட்டயர் பண்ணின அண்டைக்கு நான் வேலைச் சப்பாத்தைக் குப்பையிலை எறிஞ்சனான். நீர் அப்பிடி எறிய மாட்டீர்.”

“அப்ப ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்?”

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவை விமலநாதன் குறைத்தார்.

“பகல் முழுக்க வீட்டிலை கதைக்க ஆளில்லை, நேசம். ரேடியோவோடை எவ்வளவு நேரம் கதைக்கிறது.”

கோபப்பட எடுத்து வைத்திருந்த சொற்கள் சிவநேசத்துக்கு அப்படியே நின்றுபோயின. மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவரை என்ன செய்வது?

“நாளைக்கு வேறை என்ன ஏற்பாடு?”

“கேக் சொல்லியாச்சு. ‘இனி ஓய்வு’ எண்டு எழுதக் குடுத்திருக்கு.”

“போய் மாத்துங்கோ.”

“முழங்கால்...”

“பஸ் வாசலிலை நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அரைநாள் லீவு கேட்டார். ஜோசலீன் கேள்வி கேட்காமல் கொடுத்தார். வேலைக்கான நீலச் சட்டையைக் கழற்றவும் மறந்து, பதினொரு மணிக்கு பஸ்ஸில் ஏறி, கோட்-வெர்ட்யூவில் மெத்ரோ பிடித்தார்.

மெத்ரோவில் அவருக்கு எதிரில் ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் சிமெந்துத் தூசி படிந்த சப்பாத்தோடு போனில் எதையோ பார்த்துச் சிரித்தார். இவர்களுக்கெல்லாம் அவரவர் வேலை பிடிக்குமா என்று சிவநேசம் யோசித்தார். கேட்டால் சொல்வார்களா?

எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். கோயிலிலோ கலியாண வீட்டிலோ வேலை எப்படி என்று கேட்டால், ‘ஏதோ போகுது’ என்பதுதான் மரியாதையான பதில். நல்லாயிருக்கிறது என்று யாரும் சொன்னால் கண் படும், இல்லாவிட்டால் அங்கே வேறு ஆள் எடுக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வரும். சிவநேசமும் அந்தப் பதிலைத்தான் இருபத்து நான்கு வருஷமாகச் சொன்னார். வீட்டில் அதற்கு மேலே ஒரு படி. கை உளையுது, முதுகு முறியுது, ஆருக்காக இவ்வளவும். இதைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் சப்பாத்துக் கழற்றியதில்லை.

ஸ்னோடனில் நீலப் பாதைக்கு மாறும்போது அந்த நினைப்பில் அவருக்கு முகம் சுட்டது. கடிதம் மகள் எழுதியதுதான். ஆனால் எழுத வைத்தது யார்?

பார்மசியில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். சிவநேசம் போய் எட்டாவதாக நின்றார். மகளின் வேலையைக் குழப்பக் கூடாது என்பது அவர் எண்ணம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பிரஷாந்தினி ஒவ்வொருவருக்கும் ஒரே வசனங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு நாளைக்கு இரண்டு. நித்திரை வந்தால் கார் ஓட்ட வேண்டாம். இடையில் ஒரு தடவை திரும்பி நின்று, வெள்ளைச் சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு குளிசையை எடுத்து வாயில் போட்டதைச் சிவநேசம் கண்டார்.

“போன்ஜூர்” என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். “அம்மா? என்ன, அப்பாவுக்கு ஏதும்...”

“அப்பா கேக் மாத்தப் போட்டார். நீ வெளியிலை வா.”

இருப்பதற்கு அங்கே இரண்டே இரண்டு கதிரைகள். ஒன்று இரத்த அழுத்தம் பார்க்கிற மெசினோடு சேர்ந்தது. சிவநேசம் அதில் இருந்தார், மகள் மற்றதில்.

“பலகையிலை என்ரை பேரை ஒட்டியிருக்கு” என்றார். “நாலு மணிக்குள்ளை திருப்பி எடுக்கோணும். எழுது.”

பிரஷாந்தினியின் முகம் வெளிறிவிட்டது. ஒரு மாதமாகக் கட்டி வைத்திருந்த ஆச்சரியம் உடைந்த கவலை ஒரு பக்கம். அதைவிட, அம்மா கேட்பது அவளுக்கு விளங்கவில்லை.

“எதுக்கு அம்மா திருப்பி எடுக்கிறது? நீங்கள் இனி அங்கை போகத் தேவையில்லை. நான் இருக்கிறன்.”

“எனக்குப் போகோணும்.”

“கை உளையுது எண்டு ஒவ்வொரு நாளும் சொன்னீங்கள்.”

“உளைஞ்சதுதான்.”

“உனக்காகத்தான் போறன் எண்டு சொன்னீங்கள். சின்ன வயசிலையிருந்து நான் அதைக் கேட்டுக்கொண்டு வளந்தனான். அது பொய்யோ?”

சிவநேசம் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். அதைப் பிடித்தபோதுதான், வேலைச் சட்டையோடு வந்திருப்பது அவருக்கே தெரிந்தது.

“பாதி” என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் இடையில் புகாமல் அப்படியே தருகிறேன்.

“இந்த நாட்டுக்கு வந்து முதல் ரெண்டு வருஷம் நான் எங்கை போறதெண்டாலும் நீ வரோணும். டொக்டரிட்டையும் நீ, பாங்குக்கும் நீ. உன்ரை பள்ளிக்கூடத்துக்கு உன்னைப் பற்றிக் கேக்கப் போனாலும் நீதான் நடுவிலை. அந்த வேலைக்குப் போன முதல் நாள், ஒரு பலகையையும் ஒரு படத்தையும் முன்னாலை வைச்சினம். படத்திலை கோடும் இலக்கமும்தான். எந்த வயர் எந்த ஆணியைச் சுத்தி எங்கை போகோணும் எண்டு நான் பாத்த உடனை விளங்கிச்சு. ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லாமல் போச்சு. ஷிஃப்ட் முடியேக்கை சூப்பர்வைசர் மனுசி வந்து பாத்திட்டு, மற்ற ஆக்களைக் கூப்பிட்டு என்ரை கட்டைக் காட்டினவ. அங்கை மட்டும்தான் பிள்ளை நான் தனியப் போனன்.”

பிரஷாந்தினி தன் கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்தாள்.

“அப்ப எனக்குப் பின்னேர ஷிஃப்ட். நீ கழுத்திலை கதவுத் திறப்பைக் கட்டிக்கொண்டு வெறும் வீட்டுக்கு வருவாய். அந்த நேரத்திலை நான் அங்கை சந்தோஷமா இருந்தன் எண்டு உன்னட்டை எப்பிடிச் சொல்லுறது? வெக்கமா இருந்தது. அதுதான் கஷ்டம் கஷ்டம் எண்டு சொன்னன். பேந்து அதுவே பழகிப் போச்சு.”

வரிசையில் நின்ற ஒருவர் இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ரை தலைமயிரை நீங்கள் ஒருநாளும் ஆறுதலாப் பின்னினதில்லை” என்றாள் பிரஷாந்தினி. “இழுத்து இழுத்து ரெண்டு நிமிசத்திலை முடிச்சுப்போடுவீங்கள். நூறு வயரைக் கட்ட மட்டும் பொறுமை இருந்திருக்கு.”

“வயர் தலையை ஆட்டாது.”

பிரஷாந்தினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சிவநேசத்துக்கும்தான். அந்த நேரம் பார்த்து, எப்போதோ தெரியாமல் கையை நுழைத்திருந்த அழுத்த மெசின் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“கையை எடுக்காதேங்கோ, அது தானா விடும்” என்று சொல்லிவிட்டு மகள் அம்மாவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நீங்கள் அங்கை ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு நிக்கிறதாத்தான் நான் நினைச்சிருந்தனான். வகுப்பிலை இருந்தாலும் அந்த நினைப்பு வரும். சோதினைக்குப் படிக்கேக்கையும் வரும். நீங்கள் சந்தோஷமா இருந்தனீங்கள் எண்டு கேக்க எவ்வளவு நல்லாக் கிடக்கு தெரியுமோ? முந்தியே சொல்லியிருக்கலாம்.”

“முந்தியே சொல்லியிருக்கலாம்தான்” என்று சிவநேசம் ஒத்துக்கொண்டார்.

மெசின் கையை விட்டது. திரையில் வந்த எண்ணைப் பார்த்து மருந்தாளர் உதட்டைப் பிதுக்கினாள். அதை வேறொரு நாளைக்குக் கதைப்பது என்று இருவரும் பேசாமலே முடிவெடுத்தார்கள்.

உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் ஒரு தாளோடு வந்தாள் பிரஷாந்தினி. இருபத்து நான்கு வருஷப் பழக்கம், கடிதம் எழுதுவது அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. பேனையையும் நீட்டினாள்.

“இதிலை, அம்மா.”

சிவநேசம் பேனையை வாங்கவில்லை.

“என்ன எழுதியிருக்கிறாய்? வாசி.”

இப்படி ஒரு சொல்லை அம்மாவின் வாயிலிருந்து அவள் கேட்டதே கிடையாது. கொஞ்சம் தடுமாறி, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பக் காரணம்’ என்றிருந்தது.

“குடும்பக் காரணமோ? குடும்பம்தான் போக வேண்டாம் எண்டு நிக்குது. பொய் எழுதாதை. வேலை பிடிக்கும் எண்டு எழுது.”

“அம்மா, அப்பிடி ஒருத்தரும் எழுத மாட்டினம்.”

“ஏன், பிரெஞ்சிலை அதுக்குச் சொல்லு இல்லையோ?”

“இருக்கு.”

“அப்ப எழுது.”

பிரஷாந்தினி பழைய வரியை வெட்டிவிட்டு, மேலே கையால் எழுதினாள். எழுதியதை மெதுவாக வாசித்தும் காட்டினாள். ஜெம் மோன் த்ரவாய். சிவநேசம் அதை ஒரு தடவை தன் வாயால் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி, புள்ளியையும் வைத்து, கோட்டையும் இழுத்தார்.

தானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று மகள் ஒரே பிடி; அவளுக்கு மாற்று ஆள் வந்து சேர மூன்று மணியாகிவிட்டது. காரில் டெகாரி நெடுஞ்சாலையில் ஏறினால், வழக்கம் போல அசையாத வரிசை. சிவநேசம் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். யாரையும் அவசரப்படுத்தாத மனுசி அன்றைக்கு மூன்று தடவை ‘விட்டு அடி பிள்ளை’ என்றார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஜோசலீனின் மேசையில் கடிதம் விழுந்தது.

ஜோசலீன் அதை வாசித்தார். கையால் எழுதிய வரிக்கு வந்ததும் திரும்பவும் வாசித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காரணம் தன் மேசைக்கு வந்ததில்லை என்றார். எழுந்து போய்ப் பலகையிலிருந்த அறிவிப்பைக் கழற்றி, நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிவநேசத்தின் கையில் கொடுத்தார்.

“மகள் ஒரு நிமிஷம் உள்ளே வரலாமா?” என்று சிவநேசம் தானே பிரெஞ்சில் கேட்டார். பிரஷாந்தினி வாயைத் திறக்கவே இல்லை.

இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை. பெரிய மேசை, அதன்மேல் ஆணிகள் அடித்த நீளப் பலகை. காலையில் அம்மா பாதியில் விட்ட வயர்க்கட்டு அதில் கிடந்தது. நூற்றுச் சொச்சம் வயர்கள், ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல், பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அமைதியாகப் போயின. மெழுகு நூல் முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவு இடைவெளி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த திரேசம்மா அந்த மேசையை யாரும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி போனாள்.

“முடிஞ்சால் இதை வைக்கிறது” என்று அம்மா மேசை லாச்சியை இழுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன முத்திரையை எடுத்துக் காட்டினார். 147 என்ற இலக்கம். “நான் வைச்சால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் அவிழ்க்க மாட்டினம். அப்பிடியே பறக்கும்.”

அம்மாவின் முகத்தை அப்போதுதான் பிரஷாந்தினி பார்த்தாள். பிறந்தநாள்களுக்கு அவள் எத்தனையோ சேலை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், நகை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதற்கெல்லாம் இந்த முகம் வந்ததில்லை. அவளுக்கு வருத்தமும் வந்தது. அதைவிடக் கூடுதலாக நன்றி வந்தது. யாருக்கு நன்றி என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திராது. அந்தப் பலகைக்கு என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

வாகனத் தரிப்பிடத்தில் வைத்து சிவநேசம் மகளின் தோளைத் தொட்டார்.

“நீ அந்தக் கடிதத்தை எழுதியிருக்காட்டி நான் இதை ஒருநாளும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டன்.” சற்றுத் தயங்கி, “மெர்சி” என்றார்.

வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வது எங்களுக்குக் கூச்சமான காரியம். பிரெஞ்சில் சொன்னால் அவ்வளவு கூசாது.

கார் புறப்பட்டதும் விமலநாதனின் அழைப்பு வந்தது. குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

“கடிதம் குடுத்தாச்சோ?”

“குடுத்தாச்சு, அப்பா. எட்டு நிமிசம் இருக்கக் குடுத்தது.”

“நல்லது” என்றார் அவர். சொன்ன விதத்தில் பொய் இல்லை. “கேக்கிலை எழுதினதை அழிக்க ஏலாதாம். அதுதான் மேலை ‘அப்பாவுக்கு’ எண்டு சேர்க்கச் சொன்னனான். ஓய்வு எனக்குத்தானே.”

சிவநேசம் வாய்விட்டுச் சிரித்தார். நாளையிலிருந்து மத்தியான இடைவேளையில் தானே போன் எடுத்து அரை மணித்தியாலம் அவரோடு கதைப்பதென்று மனதுக்குள் முடிவெடுத்தார். பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டைப் பற்றி அளப்பதைக் கேட்காவிட்டால் ஒன்றும் குறையாது.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. விமான நிலையம் கிட்ட. ஒரு விமானம் தாழ்வாக, வயிறு தெரிய, தலைக்கு மேலே போனது. சிவநேசம் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து அது மறையும்வரை பார்த்தார். சின்ன வயதிலிருந்து அம்மா இப்படிப் பார்ப்பதைக் கண்டவள்தான் பிரஷாந்தினி. ஊர் நினைப்பில் பார்க்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

“உனக்கு உன்ரை வேலை பிடிக்குமோ, பிள்ளை?”

வானத்தைப் பார்த்தபடியே கேட்டார் சிவநேசம்.

‘ஏதோ போகுது’ என்று சொல்ல வாயெடுத்த பிரஷாந்தினி அப்படியே நிறுத்திக்கொண்டாள். அம்மா கஷ்டப்படுகிறார், நான் பெரிதாகப் படிக்க வேண்டும் என்று பத்து வயதில் முடிவெடுத்த பிள்ளை அவள். படித்தாள், வெள்ளைச் சட்டை போட்டாள். இடையில் தனக்கு எது பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

“அந்தக் குளிசை என்னத்துக்கு?” என்றார் சிவநேசம்.

“சும்மா. வயிறு.”

“ஞாயிறு பின்னேரமும் நோகுமோ?”

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்ற கார் ஒரு தடவை ஹோர்ன் அடித்தது. பிரஷாந்தினி மெதுவாகக் காரை ஓரத்துக்கு எடுத்து நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“ஓம்” என்றாள். பிறகு, அம்மாவைப் பார்க்காமல், “அம்மா, இந்தமுறை என்ரை வேலைக்கான கடிதத்தை நீங்கள் எழுதுங்கோ. என்னெண்டாலும் எழுதுங்கோ. நான் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறன்” என்றாள்.

சிவநேசம் சிரிக்கவில்லை. மடியிலிருந்த அறிவிப்புத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பையைத் திறந்து பேனையைத் தேடத் தொடங்கினார்.